பச்சிளம் குழந்தைகளுக்கும் ஏற்றது

நுஸ்ரத் ஆஸ்பத்திரியிலிருந்து நேராக அண்ணன் தௌஃபீக்கின் கடைக்குத்தான் போனாள். வாசலில் நின்ற ஆட்டோவுக்குள், உம்மாவின் மடியில், அவளுடைய மூன்று மாத மகன் அழுதுகொண்டிருந்தான். இரண்டு தொடைகளும் சிவந்து கொப்பளித்திருந்தன.

மழை விட்டதிலிருந்து வீட்டில் ஒரே கொசு. கொசுவத்திப் புகை பிள்ளைக்கு ஆகவில்லை என்று அவள் சொன்னபோது, தௌஃபீக்தான் தன் கடையில் பாட்டிலில் அடைத்து விற்கும் எலுமிச்சைப்புல் எண்ணெயைக் கொடுத்தான். "அப்படியே தடவு, ஒரு கொசு அண்டாது" என்றான். நேற்று மாலை தடவினாள். விடிந்தபோது இந்தக் கோலம். "இவ்வளவு காரமான எண்ணெயைக் கைக்குழந்தைக்குத் தடவச் சொன்னது யாரும்மா?" என்று டாக்டர் கேட்டபோது அவளுக்கு வார்த்தை வரவில்லை.

அண்ணனைக் கண்டதும் இப்போது வந்தது.

"காக்கா, புள்ள தொடையெல்லாம் வெந்து போயிருக்கு. ஆட்டோவுல உம்மா வச்சிருக்காங்க. போய்ப் பாருங்க."

தௌஃபீக் இடத்தைவிட்டு அசையவில்லை. விழிதியூரிலிருந்து வந்திருந்த வெண்மதி என்ற பெண் அதே எண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். அவளுக்கும் கேட்கட்டும் என்றே பேசினான்.

"இது புல்லுலேர்ந்து எடுத்தது. கெமிக்கல் ஒரு சொட்டு கெடையாது. வேற ஏதாச்சும் ஒத்துக்காம இருந்திருக்கும்."

"எருக்கம்பாலும் செடியிலேர்ந்துதான் வருது. கண்ணுல விட்டுக்குவீங்களா?"

அவன் ஒரு பாட்டிலைத் திறந்து முழங்கைவரை தேய்த்து, வெண்மதியிடம் நீட்டிக் காட்டினான். "பாத்துக்குங்க. ஒண்ணும் ஆவல."

நுஸ்ரத் அந்தக் கையைச் சுட்டினாள். "அது நாப்பது வயசுத் தோலு. அவன் தோலும் இதுவும் ஒண்ணா? நீங்க அவனுக்கு மாமாதானே?"

வெண்மதி பாட்டிலை மேசைமேல் வைத்தாள். "எம் பாப்பாவுக்குத்தான் வாங்க வந்தேன்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள்.

"யாவாரத்தக் கெடுக்கவே வந்தியா?"

நுஸ்ரத் கல்லாவிலிருந்த மார்க்கரை எடுத்தாள். ஒவ்வொரு பாட்டிலிலும் 'பச்சிளம் குழந்தைகளுக்கும் ஏற்றது' என்ற வரியைக் கறுப்பாக அடித்தாள். தௌஃபீக் அவள் கையைப் பிடித்தான்.

"விடுங்க. இல்லன்னா ரோட்டுல நின்னு சொல்லுவேன்."

விட்டுவிட்டான். அடித்து முடித்துத்தான் அவள் ஆட்டோவில் ஏறினாள்.

அன்று மாலை அவன் கொசுவலையோடு வீட்டுக்கு வந்தான். தொட்டிலில் கிடந்த பிள்ளையின் கால்களை அப்போதுதான் பார்த்தான்.

"ரொம்ப எரியுதா அவனுக்கு?"

"அவங்கிட்டயே கேளுங்க" என்றாள் நுஸ்ரத். வலையை வாங்கித் தொட்டிலுக்கு மேல் கட்டினாள். அவனை உட்காரச் சொல்லவில்லை.