கேனுக்குள் முளைத்த ஊசிகள்

“ஏலே வேல்ராஜு! வெளிய வாடா!”

பதினைந்து லிட்டர் கேனை நெஞ்சோடு அணைத்தபடி பங்காளி வீட்டு வாசலில் நின்று கத்தினார் நாகேந்திரன். நேற்று மாலை தெளிவாக இருந்த மருந்து. விடிந்து பார்த்தால் கேனின் அடியில் வெள்ளை வெள்ளையாக ஊசிகள். தெளிப்பானின் வாய் அடைத்துக்கொண்டது. குண்டு மிளகாய்ச் செடியோ பூவைக் கொட்டிக்கொண்டிருக்கிறது. இன்றைக்குத் தெளிக்காவிட்டால் இந்த வருஷம் காய்ப்பு அவ்வளவுதான்.

வரப்புத் தகராறு முடிந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. வேறு யார் செய்திருப்பார்கள்? துப்புத் துலக்க அவருக்கு அரை நிமிடம்தான் ஆனது.

வேல்ராஜ் பல் துலக்கியபடி வந்தான். “என்னண்ணே?”

“கண்ணாடித் தூளைப் போட்டியா இல்லையா? போலீசுக்குப் போறேன். கேன்ல கைரேகை இருக்கும்!”

“கேனைக் கட்டிப்பிடிச்சு நிக்கிறது நீங்க. யாரு ரேகைண்ணே இருக்கும்?”

அந்தக் கோணம் அவருக்குத் தோன்றவில்லை. மெல்லக் கேனைக் கீழே வைத்தார்.

வேல்ராஜின் மகள் சிநேகா பள்ளிச் சீருடையில் வந்து குனிந்து பார்த்தாள். “இதுல என்ன கரைச்சீங்க பெரியப்பா?”

“பொட்டாசியம் நைட்ரேட், அஞ்சு கிலோ. காலையில நேரமாகும்னு நேத்தே பத்து லிட்டர் வெந்நீர்ல கரைச்சு, பம்புசெட்ல வச்சேன்.”

“மார்கழிப் பனியிலயா?”

வாசலில் குளிக்க வைத்திருந்த வெந்நீர் அண்டாவுக்குள் அவள் கேனைத் தூக்கி இறக்கினாள். சற்று நேரத்தில் ஊசிகள் மெலிந்து, காணாமலே போயின. அந்த மருந்தில் ஒரு டம்ளர் எடுத்துப் பச்சைத் தண்ணீரில் வைத்தாள். ஊசிகள் மறுபடி முளைத்தன.

“சூடா இருந்தா நிறையக் கரையும். ஆறுனா தாங்காது, மிச்சத்தை வெளிய தள்ளிரும். சூட்டோட தெளிக்கிற தொட்டித் தண்ணியில ஊத்திட்டா, அம்புட்டுத் தண்ணியில குளுந்தாலும் படியாது.”

“அடடா, தடயம் கரைஞ்சிருச்சேண்ணே!” என்றான் வேல்ராஜ். “கேன் எங்கிட்ட இருக்கட்டும். ஆறுறதுக்குள்ள நானே போய் அடிச்சு விடுறேன்.”

“நானும் வாரேன்” என்றார் நாகேந்திரன்.

“நீங்க எங்க வாரீங்க? ஸ்கூலுக்கு நேரமாகலயா?”

நாகேந்திரன் காதில் வாங்காததுபோல் சிநேகாவிடம் திரும்பினார். “இதெல்லாம் எங்க படிச்ச?”

அவள் பையிலிருந்து வேதியியல் நோட்டை எடுத்து விரித்தாள். வெப்பநிலை ஏற ஏறப் பொட்டாசியம் நைட்ரேட் கரைகிற அளவைக் காட்டும் வளைகோடு. அடியில் சிவப்பு மையில், ‘கவனம் போதாது.’

அதற்குக் கீழே, கொட்டை எழுத்தில் நாகேந்திரனின் கையெழுத்து.

“மொத பீரியட் உங்க கிளாஸ்தான், சார்” என்றாள்.