எரியாத கார்

1

"அப்பா, ஜவாஹிர் மாமாட கார் எரிஞ்சு போச்செண்டு சொல்லேக்க நீங்கள் ஏன் சிரிச்சனீங்கள்?"

ஒன்பது வயதுச் சிறுமி தகப்பனிடம் கேட்டது. வளர்ந்த பிறகு என்னிடம் சொன்னாள். அன்றிலிருந்து இதை எழுதப் பார்க்கிறேன்.

முதல் தொடக்கம்: "கட்டுகஸ்தோட்டையில் வாழ்ந்த படவரைஞர் இராமநாதன் மிக நல்ல மனிதர்." அடித்துவிட்டேன். அப்படித் தொடங்கினால் அந்தச் சிரிப்பை எங்கே வைப்பது?

2

இராமநாதனிடம் ஒரு கார் இருந்தது. 1967ஆம் ஆண்டு டட்சன் ஃபெயர்லேடி. சிவப்பு, இரண்டே இருக்கை, துணிக்கூரை. தெல்தோட்டையில் ஒரு கொட்டிலில் கோழிகள் அடைந்து கிடந்ததை வாங்கி, ஆறு வருடம் ஞாயிறுதோறும் துருச் சுரண்டினார். கண்டிப் பக்கம் அதே போல இன்னொன்றுதான் இருந்தது. அது அக்குறணைக் கடைக்காரர் ஜவாஹிருடையது.

அந்த என்ஜினுக்கு இரண்டு கார்புரேட்டர்கள். இரண்டும் ஒரே அளவாகக் காற்றை இழுக்க வேண்டும். ஜவாஹிர் ஒரு ரப்பர் குழாயைக் காதில் வைத்து, மறுமுனையை இரண்டின் வாயிலும் மாறி மாறிப் பிடிப்பார். சீறல் ஒத்துப்போகும்வரை திருகாணியைத் திருப்புவார். பத்து நிமிட வேலை. இராமநாதனின் காதுக்கு அது பிடிபடவேயில்லை.

"ஐயா, ஒங்கட கார் இருமுது. கொத்தமல்லி அவிச்சுக் குடுத்துப் பாத்தீங்களா? கொண்டு வாங்க, நான் சரி பண்ணித் தாறேன்."

"வேண்டாம் நானா. நானே பாக்கிறன்." (நானா என்றால் அண்ணன்; அக்குறணைப் பேச்சு.)

(இங்கே "பொறாமை" என்று எழுதியிருந்தேன். அவர் அதற்குக் கௌரவம் என்று பெயர் வைத்திருந்தார். ஆனால் ஜவாஹிரின் கார் வீதியில் போகும் சத்தம் கேட்டால் அவருக்குச் சோறு இறங்காது.)

3

1983 ஜூலை. அன்று கண்டி வானம் செந்நிறமாக...

வேண்டாம். தமிழர் கடைகளை எரித்தார்கள். அது போதும்.

அன்று இராமநாதனின் கார்புரேட்டர்கள் நான்காம் முறையாகக் கழற்றப்பட்டு, குசினியில் சமையல் மேசைமேல் கிடந்தன. தப்பியோட வண்டியில்லை. அக்குறணையில் தன் வீட்டுக்கு ஏற்றிப்போக ஜவாஹிர் வந்தார். முதல் பயணத்தில் மனைவி பாலாம்பிகையும் மடியில் மகளும், இரண்டாவதில் இராமநாதன்.

முந்தைய பிரதியில், பாலாம்பிகையின் நகைகளை எடுக்க ஜவாஹிர் மூன்றாம் தடவை போனதாக எழுதினேன். இராமநாதனைக் காப்பாற்றப் பார்த்திருக்கிறேன். நடந்தது இதுதான்:

"நானா, என்ர கார்புரேட்டர் ரெண்டும் குசினியில கிடக்கு."

"உங்களுக்கென்ன விசரே?" என்றாள் பாலாம்பிகை.

"அந்தச் சாமான் பொறகு எங்க தேடுற?" ஜவாஹிர் சாவியை எடுத்தார். "போயிட்டு வாறேன்."

பின்னேரம் நடந்து வந்தார். சட்டைத் தோள் கிழிந்திருந்தது. கையில் பிஸ்கட் டின்.

"பாலத்துக்கிட்ட மறிச்சானுகள். அந்தத் தமிழன்ட செவப்புக் கார் இதுதான்னு கொளுத்திட்டானுகள்." டின்னை நீட்டினார். "கார்புரேட்டர் ரெண்டும் உள்ள ஈக்கி, பாத்துக்கங்க."

அப்போதுதான் இராமநாதன் சிரித்தார். ஒரு கணம்தான். இனிக் கண்டியில் ஒன்றே ஒன்று.

சாமான் கிடைத்த நிம்மதியில் சிரித்தார் என்று எழுதலாம். குழந்தை பிழையாகப் பார்க்கவில்லை என்பது அவருக்குத் தெரியும்.

4

முடிவு ஒன்று: அழுது மன்னிப்புக் கேட்கிறார். வேண்டாம். பிறகு ஜவாஹிர் அல்லவா அவரைத் தேற்ற வேண்டிவரும்?

முடிவு இரண்டு: மகளுக்குப் பதில் சொல்கிறார். சொல்லவில்லை. "போய்ப் படி" என்றார்.

மூன்றாவது:

இரண்டு வருடம் கழிந்தது. ஜவாஹிர் எரிந்த கூட்டை இழுத்துவந்து, கடைக்குப் பின்னால் தகடு வைத்து ஒட்டிக்கொண்டிருந்தார். முன் கண்ணாடி மட்டும் கொழும்பிலும் கிடைக்கவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ நேரம். அக்குறணையில் கடைகளெல்லாம் பூட்டிக் கிடந்தன. ஜவாஹிரின் வீட்டாரும் ஊரில் இல்லை. இராமநாதன் தன் காரைப் பின்பக்கம் கொண்டுபோய் நிறுத்தினார். அதன் முன் கண்ணாடியைச் சட்டத்தோடு கழற்றி, அந்தக் கூட்டில் வைத்து, ஒவ்வொரு திருகாணியாக முறுக்கினார். தன் விரலடையாளங்களைக் கைலேஞ்சியால் துடைத்தார்.

(யாரும் காணாதது உனக்கு எப்படித் தெரியும் என்பீர்கள். ஆண்டவன் கண்டிருப்பான் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.)

தொழுதுவிட்டு ஜவாஹிர் திரும்பும் காட்சியை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். அதற்குள் இராமநாதன் போய்விட்டார். மழை பிடித்துக்கொண்டது. கண்களைச் சுருக்கியபடி, முகத்தில் விழும் தண்ணீரைத் துடைக்காமல், வீடுவரை மெதுவாக ஓட்டிப்போனார்.