கூர் மழுங்காத கத்தி

செல்வப்பிரியாவின் உள்ளங்கையை அளந்துதான் பிரதீபா அந்தக் கத்திக்குப் பிடி வரைந்தாள்.

அதற்கு முன்பு அவளும் கணவன் அருள்குமாரும் செய்துவந்தது மாமரத்துக்கு ஒட்டுக் கட்டுகிற சின்னக் கத்தி. முதலமடையில் அருள்குமார் வீட்டு மாந்தோப்பின் ஓரத்தில், காய் கொட்டிவைக்கும் கொட்டகையைப் பட்டறையாக மாற்றியிருந்தார்கள். பிரதீபா பொருள் வடிவமைப்பு படித்தவள். அருள்குமார் கோயம்புத்தூரில் பம்ப் கம்பெனியில் இருந்துவிட்டு ஊர் திரும்பியவன். அவள் தாளில் வரைவாள், அட்டையில் வெட்டுவாள், மரத்தில் செதுக்கிப் பிடித்துப் பார்ப்பாள். அவன் அதை இரும்பில் செய்வான். சாணை பிடிக்க செங்கோட்டையன், பிடி பொருத்த இரண்டு பெண்கள். கம்பெனி என்றால் அவ்வளவுதான்.

உடும்பஞ்சோலையில் இரும்புச் சாமான் கடை வைத்திருக்கும் சூசையப்பன் யாரிடமோ அந்த ஒட்டுக் கத்தியைப் பார்த்துவிட்டு போன் செய்தார்.

"ஏலக்காத் தோட்டத்துக்குன்னு ஒரு கத்தி செஞ்சு தர முடியுமாம்மா? இங்க பொம்பளையாளுக கவாத்து எடுக்க ஆம்பளைங்க அரிவாளைத்தான் தூக்கிட்டுத் திரியுறாய்ங்க. கை கடுத்துப் போகுது."

பிரதீபா மலைக்குப் போனாள். செடியின் தூரில் குந்தி உட்கார்ந்து, காய்ந்த தட்டைகளை ஒவ்வொன்றாக அறுத்து இழுக்கும் வேலை. மழையில் கை எப்போதும் ஈரம். பக்கத்துத் தட்டையில் பட்டுவிட்டால் காய்ச்சரம் அறுந்துவிடும். செல்வப்பிரியாதான் அவளுக்கு எல்லாவற்றையும் செய்து காட்டினாள். இருபத்தைந்து வயதிருக்கும். ஒரு நிமிஷம் வாய் மூடமாட்டாள். பிரதீபா களிமண் உருண்டையைக் கொடுத்து, கத்தியைப் பிடிப்பது மாதிரி இறுக்கிப் பிடிக்கச் சொன்னபோது, "என்னக்கா, கொழுக்கட்டை பிடிக்கச் சொல்றீங்களா?" என்று சிரித்தாள். அந்த மண்ணில் விழுந்த விரல் பள்ளங்கள்தான் பிடியின் வடிவமாயின.

முதல் மாதிரி மழையில் வழுக்கியது. அடுத்ததன் முனை தட்டைகளுக்கு நடுவே நுழையவில்லை. "மூக்கு இன்னும் மெலிசா வேணும்க்கா, கிளி மூக்கு மாதிரி," என்றாள் செல்வப்பிரியா. பிரதீபா முனையை மெலிதாக்கி வளைத்தாள். அதைக் கையில் வாங்கியதும் செல்வப்பிரியா ஒரு தூரை முழுக்க அறுத்து முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தாள்.

தகட்டைக் கோயம்புத்தூரில் வடிவத்துக்கு வெட்டி வாங்கி வருவார்கள். சாணை பிடித்தபின் சிவக்கக் காய்ச்சி எண்ணெயில் முக்குவார்கள். அப்படி முக்கி எடுத்த கத்தி கண்ணாடி மாதிரி. கடினமாக இருக்கும், ஆனால் தட்டினால் தெறிக்கும். அதை மின்சார அடுப்பில் மிதமான சூட்டில் வைத்து எடுத்தால்தான் கடினம் சற்றுக் குறைந்து, வளைந்துகொடுக்கும் பதம் வரும். அந்த வேலையை அருள்குமார் வேறு யாரிடமும் விடமாட்டான். அடுப்பின் மீட்டர் காட்டும் எண்ணைப் பார்த்துப் பார்த்து வைப்பான், எடுப்பான்.

ஏலக் கத்தி நன்றாகப் போனது. தீட்டவே வேண்டியதில்லை என்று பெண்கள் சொல்வதாக சூசையப்பன் சொன்னபோது இருவருக்கும் பெருமையாக இருந்தது. ஏன் தீட்ட வேண்டியதில்லை என்று இருவருமே யோசிக்கவில்லை.

ஆடி மாதத்தில் ஒரு காலை சூசையப்பன் மறுபடி கூப்பிட்டார்.

"அம்மா, நம்ம செல்வப்பிரியா கண்ணுல கத்தி மூக்கு ஒடஞ்சு தெறிச்சிருச்சு. தேனிக்குக் கொண்டு போயிருக்காய்ங்க."

அன்று மாலையே இருவரும் தேனி போய்ச் சேர்ந்தார்கள். செல்வப்பிரியா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். இடது கண்ணை மூடிக் கட்டுப் போட்டிருந்தது. பார்வை திரும்பாது என்று மருத்துவர் ஏற்கெனவே சொல்லிவிட்டதாக வராந்தாவில் அவள் அம்மா சொன்னார்.

பிரதீபா கட்டிலருகில் நின்றாள்.

"பிரியா, நான் வந்திருக்கறனுங்க."

அவள் மெல்லத் திரும்பினாள். "அக்கா, கல்லுல பட்டுருச்சுக்கா. தட்டைக்கு அடியில கல்லு இருந்தத நான் பாக்கல. கொஞ்சம் ஓங்கிப் போட்டுட்டேன். கத்தி போச்சு."

"கத்தி கெடக்குது. கல்லுல பட்டா மழுங்கோணும், மடங்கோணும். ஒடையக் கூடாதுங்க. உங்க மேல தப்பில்ல."

"இல்லக்கா, என் தப்புத்தான். நம்மாளுக கிட்டயும் அப்படித்தான் சொன்னேன். நீங்க மனசு சங்கடப்படாதீங்க."

அவள் திட்டியிருந்தால் பரவாயில்லை என்று பிரதீபாவுக்குத் தோன்றியது. வைத்தியச் செலவைத் தாங்களே பார்த்துக்கொள்வதாக அருள்குமார் அவள் அம்மாவிடம் சொன்னான். அவர் தலையசைத்தார். அதற்குமேல் அங்கே செய்வதற்கு ஒன்றுமில்லை.

ஊர் திரும்பியதும் கையிருப்பிலிருந்த கத்திகளை அருள்குமார் ஒவ்வொன்றாகப் பிடிப்பானில் இறுக்கி, மேலே சாக்கைப் போட்டு வளைத்துப் பார்த்தான். முதல் கத்தி வளைந்து திரும்பியது. அடுத்ததும் அப்படியே. அதற்கடுத்தது சட்டென்று உடைந்தது. உடைந்த இடத்தில் மாவு போன்ற சாம்பல் நிறம். சாணையை நிறுத்திவிட்டு செங்கோட்டையன் வந்து பக்கத்தில் நின்றார். இன்னொன்றும் உடைந்தது.

"ஏனுங்க, அடுப்பு மீட்டரு சரியாத்தான் காட்டுதுங்களா?" என்றாள் பிரதீபா.

தெரிந்த பட்டறையிலிருந்து வேறொரு மீட்டரை வாங்கிவந்து அடுப்புக்குள் வைத்தார்கள். இரண்டும் ஒத்துப்போகவில்லை. அடுப்பின் மீட்டர் சில வேளை சரியாகக் காட்டியது, சில வேளை உள்ளே சூடு ஏறும் முன்பே ஏறிவிட்டதாகக் காட்டியது. மீட்டருக்குள் ஒரு கம்பி விட்டுவிட்டுத் தொட்டுக்கொண்டிருந்தது.

"எப்பத்திருந்து இப்படிக் காட்டுதுன்னே தெரியலியே புள்ள," என்றான் அருள்குமார். அடுப்புக் கதவைத் திறந்தான், மூடினான். "நான் தெனமும் இதைத்தான பாத்துட்டிருந்தேன்."

மலைக்குப் போன கத்திகளில் எது நல்லது, எது உடையும் என்று பார்த்துச் சொல்ல வழியில்லை. பார்வைக்கு எல்லாம் ஒன்றுதான். சரியாகப் பதம் ஏறாதவைதான் இன்னும் கடினம், இன்னும் நாள் கூர் நிற்பவை. பெண்கள் தீட்டாமலே வைத்திருந்த கத்திகள் அவைதான் என்பது பிரதீபாவுக்கு அப்போதுதான் உறைத்தது.

புது மீட்டர் மாட்டிப் புதுக் கத்திகள் செய்து எடுத்துக்கொண்டு இருவரும் உடும்பஞ்சோலை போனார்கள். பழையதைக் கொடுத்துப் புதியதை வாங்கிக்கொள்ளுங்கள் என்று கடை வாசலில் தட்டி எழுதி வைத்தார்கள். அது கேரளத்துத் தோட்டம், ஆட்கள் பாதிப்பேர் போடியிலிருந்தும் கம்பத்திலிருந்தும் தினமும் ஜீப்பில் வந்து போகிறவர்கள். மிச்சம் வடக்கத்தி ஆட்கள், சீசன் முடிந்தால் வேறு ஊர்.

"யாரு யாரு வாங்கினாய்ங்கன்னு நான் எப்படிம்மா சொல்றது?" என்றார் சூசையப்பன். "கேட்டவுகளுக்குக் குடுத்தேன். அவுக அக்கா தங்கச்சிக்கு வாங்கிட்டுப் போனாக."

தட்டியைப் பார்த்து வந்தவர்களில் பலர் கொண்டுவந்தது துருப்பிடித்த வேறு கத்திகள். புதுசு இலவசம் என்று கேள்விப்பட்டு வந்தவர்கள். அருள்குமார் மறுக்காமல் மாற்றிக் கொடுத்தான். ஏலக் கத்தி மட்டும் அரிதாகத்தான் வந்தது.

பஞ்சாயத்து ஆபீஸில் கேட்டார்கள். பழைய கத்தியைத் திருப்பித் தரச் சொல்லித் தோட்டங்களுக்கு ஆபீஸிலிருந்து ஒரு அறிவிப்பு அனுப்பினால் போதும். அங்கிருந்தவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, பாதிக்கப்பட்டவர் பராதி என்று ஒரு புகார் எழுதிக் கொடுக்காமல் எதுவும் செய்ய முடியாது என்றார். செல்வப்பிரியாவோ தன் தப்பு என்றே சொல்லிக்கொண்டிருந்தாள்.

தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயங்களுக்கு நேரில் போனார்கள். அங்கே கவாத்துப் பெண்களுக்கெல்லாம் மூத்தவர் சரஸ்வதியம்மாள். அவரிடம் ஏலக் கத்தி இருந்தது. இடுப்பிலிருந்து உருவிக் காட்டினார், கொடுக்கவில்லை.

"ஏம்மா, நல்ல கத்தியக் குடுத்துட்டு மழுங்கக் கத்திய வாங்கிக்கிறச் சொல்றியே, இது என்ன நாயம்? பக்கத்து வீட்டு மேரிக்குப் புதுசு குடுத்தீக. ரெண்டு நாள்ல கூரு போயிருச்சு."

"மழுங்கறதுதானுங்கம்மா நல்லது. தீட்டிக்கலாம். இது மழுங்காது, ஆனா ஒடஞ்சு தெறிக்குமுங்க."

"எனக்கு ஒடையலையே. வாங்குன நாள்ல இருந்து இதத்தான வச்சிருக்கேன்."

சொல்லிப் புரியவைக்க முடியாது, காட்டித்தான் ஆகவேண்டும் என்று பிரதீபாவுக்குத் தோன்றியது. "ஒரு தடவ குடுங்கம்மா, பாத்துட்டுத் தர்றனுங்க," என்றாள். சரஸ்வதியம்மாள் அரை மனதாகக் கொடுத்தார். வண்டியின் பின்பக்கம் பலகையில் பிடிப்பான் பொருத்தியிருந்தது. பெண்களைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, அருள்குமார் சாக்கைப் போர்த்திக் கத்தியை வளைத்தான். அது டப்பென்று முறிந்தது.

"பாத்தீங்களா?" என்றாள் பிரதீபா. பிறகு அருள்குமார் ஒரு புதுக் கத்தியை மாட்டினான். அது வளைந்து, விட்டதும் நிமிர்ந்தது.

சரஸ்வதியம்மாள் உடைந்த துண்டுகளைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"இப்படிப் பூட்டி முறிச்சா எந்தக் கத்திதான் ஒடையாது?" என்றாள் பின்னால் நின்ற ஒருத்தி.

"புதுசு இரும்பு மட்டம். அதான் வளையுது," என்றாள் இன்னொருத்தி. "பிரியா கல்லுல போட்டா, ஒடஞ்சுச்சு. அவளே சொல்றாளே."

"அய்யோ, அப்படி இல்லீங்க..."

"பாத்துட்டுத் தர்றேன்னு சொன்னியேம்மா," என்றார் சரஸ்வதியம்மாள். கோபமாகக்கூட இல்லை. பிரதீபா நீட்டிய புதுக் கத்தியை வாங்காமல் உள்ளே போய்விட்டார்.

மறுநாளிலிருந்து அவர்கள் வண்டி வந்தாலே பெண்கள் கத்தியைச் சேலைக்குள் மறைத்தார்கள்.

வேறு வழி தெரியாமல் பிரதீபா செல்வப்பிரியாவிடம் போனாள். கேட்கக் கூடாது என்று தெரிந்தே கேட்டாள். செல்வப்பிரியா கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தாள். முன்புபோலப் பேசுவதில்லை. பக்கத்திலிருந்த டம்ளரை எடுக்கப்போய்க் கை தள்ளிப் பட்டது. டம்ளரைத் தடவிப் பிடித்துக்கொண்டு, "சரிக்கா, வாரேன்," என்றாள்.

லயத்து வாசலில் நின்று, "அக்கா சொல்றது நெசந்தான். நான்தான் வெவரம் தெரியாம என் தப்புன்னு சொல்லிட்டேன். குடுத்துருங்க," என்றாள். பெண்கள் அவள் முகத்தைப் பார்க்காமல் நின்றார்கள். நாலைந்து பேர் எடுத்துவந்து கொடுத்தார்கள். அப்போது ஒரு கிழவர், பரிதாபமாகத்தான், பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார்: "பாவம், அதுக்கும் ஒரு வழி வேணும்ல? கம்பெனிக்காரவுக பணம் ஏதாச்சும் குடுத்திருப்பாக. அதான் இப்படிச் சொல்லுது."

அது செல்வப்பிரியா காதில் விழுந்தது. வீட்டு வாசலில் இறங்கும்போது, "இனிமே என்னயக் கூப்பிடாதீங்கக்கா," என்றாள். பிரதீபா சரி என்றாள்.

வாங்கிய கத்திகளை வண்டியிலேயே சோதித்தார்கள். ஒன்று உடைந்தது. மற்றவை நல்லவை.

மறுநாள் காலை ஊருக்குக் கிளம்பினார்கள். மலை மேட்டில் மூடுபனி இறங்கியிருந்தது. எதிரே போடிப் பக்கமிருந்து வேலையாட்களை ஏற்றிய ஜீப் ஒன்று வந்தது. பின்பக்கம் தொற்றி நின்றிருந்த பெண் ஒருத்தி, வண்டியில் எழுதியிருந்த கம்பெனிப் பெயரைப் பார்த்துவிட்டு இடுப்பைத் தட்டிக் காட்டினாள்.

"அக்கா! உங்க கத்தி நல்லாருக்கு! தீட்டவே வேண்டியதில்ல!"

அவர்கள் ஒருநாளும் பார்த்திராத முகம். சூசையப்பன் கடைப்பக்கமே வந்திருக்கமாட்டாள்.

"திருப்புங்க, திருப்புங்க," என்றாள் பிரதீபா.

அந்தக் குறுகிய வளைவில் அருள்குமார் வண்டியை முன்னும் பின்னும் எடுத்துத் திருப்புவதற்குள் ஜீப் மறைந்துவிட்டது. பிரிகிற ஒவ்வொரு மண்பாதையிலும் நின்று சக்கரத் தடம் பார்த்தார்கள். கடைசியில் ஒரு பெரிய எஸ்டேட் வாசலில் அந்த ஜீப் காலியாகத் திரும்பி வெளியே வந்துகொண்டிருந்தது. வாட்ச்மேன் கேட்டைச் சாத்தினார்.

"உள்ள ஒரு பொண்ணப் பாக்கோணுங்க. அவசரம்."

"பேரு?"

"தெரியாதுங்க. கையில ஒரு கத்தி இருக்குது, அது..."

"இங்க எல்லார் கையிலயும் கத்திதான்ம்மா இருக்கு. மானேஜர் சொல்லாம வெளியாளுகள விட முடியாது. சார் எறணாகுளம் போயிருக்காரு."

அருள்குமார் போனை எடுத்துப் பார்த்தான். சிக்னல் இல்லை. கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு பிரதீபா உள்ளே பார்த்தாள். சரிவு முழுக்க ஏலச் செடிகள் ஆளுயரத்துக்கு நின்றன. ஆட்கள் தெரியவில்லை. அங்கங்கே இலைகள் மட்டும் அசைந்தன. தட்டை அறுபடும் சத்தம் இடதிலிருந்தும் கேட்டது, வலதிலிருந்தும் கேட்டது.

"யம்மா, கல்லு இருந்தாப் பாத்துப் போடுங்க!" என்று அவள் கத்தினாள்.

வாட்ச்மேன் அவளை விநோதமாகப் பார்த்தார். தட்டை அறுபடும் சத்தம் நிற்காமல் கேட்டுக்கொண்டிருந்தது. மழை பிடித்துக்கொண்டது. அருள்குமார் வந்து தோளைத் தொட்டு, வண்டியில் உட்காரச் சொன்னான். அவள் போகவில்லை. அவனும் பக்கத்திலேயே நனைந்துகொண்டு நின்றான்.