வெள்ளையாகத் தெரிந்த முதுகெலும்பு

நாற்பத்தோராயிரத்து அறுநூறு ரூபாய். தளிக்குப் பக்கத்து ரோஜாத் தோட்டத்தில் முதலாளி சிவராஜுக்குச் சுகுணா தர வேண்டிய முன்பணம். லாரி இடித்துப் புருஷன் முனிவேலின் கால் முறிந்தபோது தகடு வைக்க வாங்கியது. கடன் தீரும்வரை இருவருக்கும் தோட்டத்துக்குள்ளேயே ஒரு தகர அறை. கேட்டைத் தாண்டுவதற்குக் காரணம் சொல்ல வேண்டும்.

பூ வளரும் பிளாஸ்டிக் கூடாரமான பாலிஹவுஸில் பூச்சி மருந்து அடித்தால் மறுநாள் வரை உள்ளே போகக் கூடாது என்று டப்பாவிலேயே போட்டிருக்கிறது. ஆனால் பெங்களூர் வண்டி காலையிலேயே வந்து நிற்கும், பூ விரிந்துவிட்டால் விலை போகாது. அதனால் அடித்த ஒரு மணி நேரத்தில் மூக்கைச் சுற்றித் துணி கட்டிக்கொண்டு பெண்கள் உள்ளே போவார்கள்.

நாள் தள்ளிப்போனதும் சுகுணா மேஸ்திரி நஞ்சம்மாவிடம்தான் சொன்னாள்.

"சும்மாயிரு. ஏழு மாசம் வரைக்கும் அது வெறும் சதைதான். எலும்பே கெடையாது, என்னா கெட்டுடும்? நான் மூணு பெத்தவ. மொதலாளி காதுல விழுந்தா பணத்த வெச்சிட்டுப் போம்பாரு. வெப்பியா?"

வைக்க முடியாது. சேலையை இறுக்கிக் கட்டிக்கொண்டு ஐந்தாம் மாதம் வரை பூ வெட்டினாள்.

ஊர் நர்ஸ் விரட்டியதால்தான் ஓசூருக்கு ஸ்கேன் எடுக்கப் போனாள். கேட்டில் பல்வலி என்று பொய். கறுப்புத் திரையில் வெள்ளை வெள்ளையாக ஒரு வரிசை ஓடியது.

"என்னங்கம்மா அது, பாசிமணி கோத்தாப்ல?"

"முதுகெலும்பு. இது தொடையெலும்பு."

"ஏழாம் மாசந்தானுங்களே எலும்பு வரும்?"

டாக்டரம்மா சிரித்தார். "யாரு சொன்னது? ரெண்டு மாசத்துக்குள்ளயே எலும்புக்கூடு முழுக்க அச்சு போட்டாச்சு. மொதல்ல காது மடல் மாதிரி மெத்துன்னு இருக்கும். அப்புறம் நடுவுல ஆரம்பிச்சு முனை வரைக்கும் கெட்டியாகிட்டே போகும். இதுவரைக்கும் நல்லா இருக்கு. நீ என்ன வேலை?"

சொன்னாள். சிரிப்பு நின்றது. "இனிமே அந்த மருந்துக்குள்ள போகாத. எழுதித் தர்றேன்."

பஸ்ஸில் வழி முழுக்க அவளுக்கு அந்த முதல் இரண்டு மாதம்தான் நினைப்பு. மூக்கை மட்டும்தான் கட்டியிருந்தாள். வயிற்றை எதைக் கொண்டு கட்டுவது?

மறுநாள் காலை மருந்து நெடி அடங்கவில்லை. சுகுணா பாலிஹவுஸ் வாசலிலேயே நின்றாள்.

"பல்லு புடுங்கியாச்சா? உள்ள போ," என்றார் சிவராஜ்.

"அஞ்சு மாசங்க எனக்கு. டாக்டர் சீட்டு இருக்கு. பேக்கிங்ல போடுங்க, வேலை செஞ்சே கழிக்கிறேன்."

"அங்க ஆளு ரொம்பி வழியுது. பணத்த வை, இல்ல உள்ள போ."

சுகுணா சீட்டையும் பேனாவையும் நீட்டினாள். "போறேனுங்க. மாசமா இருக்கான்னு தெரிஞ்சே மருந்தடிச்ச எடத்துக்கு அனுப்பறேன்னு கீழ ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போடுங்க. புள்ளைக்கு ஒண்ணு ஆனா காட்டணுமில்ல."

வண்டி டிரைவர் ஜன்னலில் தலை நீட்டினான். "போடுங்கண்ணே, பூ விரியுது."

பின்னாலிருந்த பெண்கள் யாரும் உள்ளே நுழையவில்லை. நஞ்சம்மா மட்டும், "ஏய், நடங்கடி," என்றாள், சத்தமே இல்லாமல்.

சிவராஜ் பேனாவைத் தொடவில்லை. "நீ இருந்தா எல்லாத்தையும் கெடுத்துருவ. இன்னிக்கே ரூமக் காலி பண்ணு."

"கணக்குங்க?"

அவர் டிரைவரைப் பார்த்தார், உள்ளே போகாமல் நிற்கும் பெண்களைப் பார்த்தார். கடன் நோட்டை எடுத்து, அவள் பெயருள்ள பக்கத்தின் குறுக்கே ஒரு கோடு இழுத்தார். அவள் நகரவில்லை. பக்கத்தைக் கிழித்து அவள் கையிலேயே கொடுத்தார்.