புளியமரத்து ஓணானுக்கு வந்த வாழ்வு

செஞ்சியில் திருவண்ணாமலை ரோட்டோரம் நின்ற புளியமரத்தில் நம்பர் எழுதிவிட்டுப் போனார்கள். ரோடு அகலமாகப் போகிறது, மரம் போகும். மரம் போனால் நிழல் போகும், நிழலோடு ஜெயசுதாவின் டீக்கடையும் போகும். கோட்டைப் பாறையே கொதிக்கிற ஊரில் வெட்டவெளியில் நின்று எவன் டீ குடிப்பான்?

அந்த நேரம் பார்த்து மரத்து ஓணான் தலையும் கழுத்தும் சிவந்து, கிளையில் தண்டால் எடுத்துக்கொண்டிருந்தது. ஜோடி தேடும் பருவத்தில் எந்த ஆண் ஓணானும் அப்படித்தான். வல்லம் பக்கம் வேலிக்கு வேலி பார்க்கலாம். ஆனால் ஜெயசுதா கடையில் ஓசி டீ குடிக்கும் காலேஜ் வாத்தியார் வெற்றிவேலுக்குத்தான் மூளை வேலை செய்தது.

"யக்கா, இது அபூர்வ மழைக்காட்டு ஓணான்னு எழுதிட்டா மரத்து மேல எவனும் கை வெக்கமாட்டான்."

"பொய்யில்ல சார் அது?"

"ஆராய்ச்சி, யக்கா."

எழுதினார். வாட்ஸ்அப்பில் பறந்தது. மழையையே மறந்துபோன ஊர் மழைக்காட்டு ஓணானுக்கு பேனர் வைத்தது. நடுவில் மாலை போட்ட ஓணான், இருபுறமும் கைகூப்பிய பிரமுகர்கள். நேற்றுவரை கல்லெடுத்து அடித்தவர்கள் செல்ஃபி எடுத்தார்கள். மரத்தை வெட்டுவதில்லை என்று முடிவானது. ஜெயசுதா சந்தோஷத்தில் அன்று எல்லோருக்கும் சும்மாவே டீ கொடுத்தாள்.

புகழ் கண்ட வாத்தியார் அத்தோடு நிறுத்தினாரா? பெண் ஓணான் மரத்தைவிட்டு இறங்கி, ஈரமான பொலபொல மண்ணில் குழி பறித்து முட்டையிட்டு, மூடிவிட்டு ஏறிவிடும் என்று இன்னொன்றும் எழுதினார். இது மட்டும் உண்மை. அந்தக் காய்ந்த ரோட்டோரத்தில் ஈரமண் இருந்த ஒரே இடம், ஜெயசுதா கிளாஸ் கழுவிய தண்ணீர் ஊற்றும் இடம்.

மறுவாரம் முள்கம்பியோடு வனத்துறை அதிகாரி வந்தார்.

"முட்ட போடுற எடம்மா இது. கடைய எடுத்துடு."

"பொரிஞ்சதும் திரும்பப் போட்டுக்கவா சார்?"

"அடுத்த வருசமும் போடுமில்ல?"

வாத்தியார் அவர் பின்னால் நின்று செல்போனைத் தடவிக்கொண்டிருந்தார். கொதிக்கிற பாலை அந்த மூஞ்சியில் ஊற்றலாமா என்று அவளுக்கு வந்தது. அடக்கிக்கொண்டு சாமான்களை எடுத்து வைத்தாள்.

கம்பி கட்டி முடித்த அதிகாரி வியர்வையைத் துடைத்தார். "இன்னா வெயிலு! போறதுக்கு முன்ன நாலு டீ போடும்மா."

ஜெயசுதா அடுப்பை அணைத்தாள்.

"மண்ணு சூடாயிடும் சார். ஓணானுக்கு ஆவாது."