மாக்கல் மாவும் துர்காவின் பாறையும்

துர்காவின் உயிருக்கு ஒரு நாள் வாடகை அறுநூறு பாத் என்றாள் கடைக்காரி. கயிறு, இடுப்புப் பட்டை, கொக்கிகள், தலைக்கவசம் எல்லாம் அதில் சேர்த்தி. கோதண்டபாணி உதட்டைப் பிதுக்கினான், கயிற்றை இழுத்துப் பார்த்தான், வேண்டாம் என்று கடையை விட்டு இறங்கினான், அவள் கூப்பிடும்வரை மெதுவாக நடந்தான், திரும்பி வந்து நானூற்றைம்பதுக்கு முடித்தான். பாஷை ஒரு தடையாகவே இல்லை. அவள் கால்குலேட்டரில் ஓர் எண்ணைத் தட்டி நீட்டுவாள். அவன் அதை அழித்துவிட்டு வேறொன்றைத் தட்டி நீட்டுவான்.

"என் உசுருலயே பேரம் பேசுற பாரு," என்றாள் துர்கா.

"உசுருக்கு யாரு பேசனா? கயித்துக்குத்தான் பேசனேன். உசுரு அவங்ககிட்ட ஸ்டாக் இல்ல."

தாய்லாந்தில் ரெய்லே என்ற கடற்கரை அது. மூன்று பக்கமும் செங்குத்துச் சுண்ணாம்புப் பாறை, நாலாவது பக்கம் கடல். படகில்தான் வர முடியும். விருத்தாசலத்தில் ஒரே வகுப்பில் படித்த மூன்று பேர், முதுகில் ஆளுக்கொரு மூட்டையோடு தீவு தீவாகச் சுற்றிவிட்டுக் கடைசியாக இங்கே வந்திருந்தார்கள். துர்கா இப்போது சென்னையில் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை செய்கிறாள். நிலவன் விருத்தாசலம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் செல்போன் கடை வைத்திருக்கிறான். பயணத்தின் பொதுப்பணம் அவன் இடுப்புப் பையில். கோதண்டபாணி செராமிக் எஸ்டேட்டுக்கு மாவுச் சரக்கு விற்பவன். களிமண், மாக்கல், படிகக்கல் எல்லாம் மாவாக அரைத்து மூட்டை மூட்டையாக அவன் குடோனில் கிடக்கும்.

தீவும் கடலும் ஆண்கள் இருவருக்காக. பாறை துர்காவுக்காக. சென்னையில் சுவர் ஏறும் கூடம் ஒன்றில் இரண்டு வருஷம் ஞாயிறுதோறும் தொங்கியவள் அவள். இந்தக் கரையின் ஒரு பாறையைப் படத்தில் பார்த்து, அதிலிருந்த ஒவ்வொரு பிடியையும் மனப்பாடம் செய்து வைத்திருந்தாள். கயிறு பிடிக்க ஆள் வேண்டுமென்று இவர்களையும் அங்கே இழுத்துப் போய்ப் பழக்கினாள். சேர்த்து வைத்த லீவு முழுக்க இந்தப் பயணத்துக்கே சரியாகிவிட்டது. இனி ரெண்டு வருஷத்துக்கு லீவு என்ற வார்த்தையை எடுக்காதே என்று மேலாளர் சொல்லித்தான் அனுப்பியிருந்தார்.

புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்னால் அவள் போனில் கோதண்டபாணியிடம் ஒரே ஒரு வேலை சொன்னாள்.

"கைக்குப் போட்டுக்கற வெள்ளைப் பொடி தீரப்போவுது. வேர்வையை இழுத்துக் கைக்குப் பிடிமானம் குடுக்கும்டா அது. மெக்னீசியம்னு போட்டிருக்கும். ஆன்லைன்ல வாங்கியாந்துடு."

பார்த்தான். முந்நூறு கிராம் அறுநூற்றுச் சொச்சம் ரூபாய். அவன் குடும்பத்தில் மாவுக்கு அப்படியொரு விலையை யாரும் உச்சரித்ததுகூட இல்லை. மெக்னீசியம்தானே என்று தன் குடோனிலிருந்த மாக்கல் மாவின் லேப் ரிப்போர்ட்டை எடுத்துப் பார்த்தான். முப்பத்தொரு சதம் மெக்னீசியம். கிலோ பன்னிரண்டு ரூபாய். விரலில் எடுத்துத் தேய்த்தான். பட்டு மாதிரி வழவழவென்று இருந்தது. மாவு வழவழப்பாக இருந்தால் உசத்தி என்பதுதான் அவன் தொழிலில் பாடம். இரண்டு கிலோ கட்டினான்.

சென்னை விமான நிலையத்தில் அந்த வெள்ளை மூட்டையைப் பார்த்து ஓர் அதிகாரியின் முகம் மாறியது.

"என்ன இது?"

"மாக்கல் மாவு சார். பில் இருக்குது, ஜி.எஸ்.டி. கட்டியிருக்குது."

"வெளிநாட்டுக்கு எதுக்கு?"

"மலை ஏற சார்."

அரை மணி நேரம் ஆயிற்று. வெளியே வரும்போது அதிகாரியின் சட்டைப் பையில் கோதண்டபாணியின் விசிட்டிங் கார்டு இருந்தது. வீட்டுக்கு டைல்ஸ் தேவைப்பட்டால் விலை குறைத்து வாங்கித் தருவதாக ஏற்பாடு.

முதல் இரண்டு நாள் சின்னப் பாறைகளுக்குத் துர்காவின் பழைய பொடியே போதுமானதாக இருந்தது. நிலவனும் ஒன்றில் பாதிவரை ஏறி இறங்கினான், கோதண்டபாணி தரையை விட்டுக் காலை எடுக்கவில்லை. மூன்றாம் நாள் காலை, அவள் பாறைக்கு அடியில், கோதண்டபாணி மூட்டையைப் பிரித்து அவள் இடுப்புப் பையை நிரப்பினான். பெருமை முகத்தில் வழிந்தது.

"இவ்ளோவா வாங்கன? நீயா?" என்றாள் துர்கா.

"ஃப்ரெண்டுக்குன்னா கணக்குப் பாப்பனா?"

பாறையில் முன்பே அடித்திருந்த வளையங்களில் கயிற்றை மாட்டிக்கொண்டே அவள் ஏறினாள். நிலவன் கீழே கயிறு பிடித்தான். இரண்டாள் உயரம் தாண்டியதும் பையில் கையை விட்டு நன்றாகப் பூசிக்கொண்டு அடுத்த பிடியைப் பிடித்தாள். பிடி அவளைப் பிடிக்கவில்லை. கை வழுக்கியது, உடம்பு சரிந்தது, கயிறு விறைத்தது. அவள் கனம் இழுத்ததில் கீழே நின்ற நிலவன் ஒரு முழம் மேலே போய் இறங்கினான். துர்கா முழங்காலைப் பாறையில் தேய்த்துக்கொண்டு தொங்கினாள்.

"என்னாடா இது, எண்ணெ தேச்சாப்ல இருக்குது?"

மறுபடியும் பூசிக்கொண்டு முயன்றாள். மறுபடியும் வழுக்கியது. கோதண்டபாணி ஒரு கை மாவை அள்ளித் தேய்த்துக்கொண்டு பக்கத்துப் பாறையைப் பிடித்துப் பார்த்தான். வெண்ணெய் பூசிய தூணைப் பிடித்ததுபோல விரல்கள் கழன்று வந்தன. இறங்கி வந்தவளிடம் சொல்லிவிட்டான்.

"கடையில வாங்கல துர்கா. நம்ம குடோன் சரக்கு. மெக்னீசியம் இருக்குதுன்னு எடுத்தாந்தன்."

நிலவன் தலையில் அடித்துக்கொண்டான். "ஏன் மச்சான், கடல் உப்புலகூடத்தான் மெக்னீசியம் இருக்குது. அதுக்காவ உப்பைக் கையில தடவிக்கிட்டுப் பாறை ஏறுவியா நீ?"

துர்கா திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. முழங்கால் ரத்தத்தைத் துடைத்துக்கொண்டே பாறையை அண்ணாந்து பார்த்தாள்.

"இன்னும் ஒரு மணி நேரத்துல இங்க வெயில் வந்துடும். அப்புறம் பாறையில கை வெக்க முடியாது. மத்தியானம் ஊருக்குத் திரும்பப் படகு."

அவ்வளவுதான் சொன்னாள். கோதண்டபாணி ஓடினான். மாவு மூட்டையையும் தூக்கிக்கொண்டுதான் ஓடினான். சரக்கை விட்டுவிட்டுப் போகும் வழக்கம் அந்த வம்சத்தில் கிடையாது.

கயிறு கொடுத்த அதே கடைக்காரி, அதே கால்குலேட்டர். கண்ணாடி அலமாரியிலிருந்த பொடியைக் காட்டினான். அவள் அவனை மேலும் கீழும் பார்த்தாள். மூச்சிரைப்பு, வியர்வை, பொடியை விட்டு நகராத கண். ஓடி வரும் வாடிக்கையாளனிடம் எப்படி விலை சொல்ல வேண்டுமென்று அவனுக்குத் தெரியாததா? அவனாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பான். தொள்ளாயிரம் என்று தட்டினாள். அப்போதுதான் பணம் நிலவன் இடுப்பில் இருப்பது நினைவுக்கு வந்தது. சட்டைப் பையைத் துழாவினால் இருநூறு பாத்.

கடையின் மறுபாதியில் கடலுக்குள் முங்குபவர்களுக்கான ரப்பர் உடுப்புகள் தொங்கின. பருத்த வெள்ளைக்காரர் ஒருவர் அதிலொன்றில் காலை நுழைக்க முயன்று, தொடைக்கு மேல் ஏறாமல், பெஞ்சில் உட்கார்ந்து அதனோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். கோதண்டபாணி பார்த்தான். மூட்டையைப் பார்த்தான். நேரே போய் அவர் தொடையில் ஒரு பிடி மாவைத் தூவி, உடுப்பை ஓர் இழுப்பு இழுத்தான். சர்ரென்று இடுப்புவரை ஏறிவிட்டது. வெள்ளைக்காரர் எழுந்து நின்று அவன் கையைக் குலுக்கினார்.

கடைக்காரி வந்து மாவைத் தொட்டுப் பார்த்தாள். விரலில் தேய்த்தாள். அவள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அதிலிருந்தே அவளுக்குப் பிடித்துவிட்டதென்று தெரிந்துகொண்டான். மூட்டையை மேசைமேல் வைத்து, பொடியைக் காட்டி, இரண்டையும் இடம் மாற்றுவதுபோல் கையைச் சுழற்றினான். அவள் யோசித்தாள். கால்குலேட்டரில் நூற்றைம்பது தட்டினாள். மாவு, அதற்கு மேல் நூற்றைம்பது. கயிற்று வாடகையில் அவன் குறைத்த அதே தொகை.

அவன் சிரித்துவிட்டான். அவளும் சிரித்தாள். அழிக்கும் பொத்தான்மேல் விரல் வைத்தவன், ஒரு கணம் அப்படியே நின்று, விரலை எடுத்துக்கொண்டு பணத்தை எண்ணி வைத்தான். பிறந்ததிலிருந்து முதல் தடவையாக ஒருவர் சொன்ன விலைக்கு ஒரு பொருளை வாங்கினான். வலிக்கவில்லை. அதுதான் ஆச்சரியமாக இருந்தது.

வெயில் பாறையின் நெற்றியைத் தொட்டிருந்தபோது துர்கா மறுபடி ஏறினாள். கையிலும் பையிலும் ஒட்டியிருந்த மாக்கல்லைக் கடல் தண்ணீரில் அலசித் துடைத்து, புதுப் பொடியைப் போட்டிருந்தாள். கோதண்டபாணி கீழே மணலில் உட்கார்ந்து அவள் ஒவ்வொரு பிடிக்கும் தன் விரல்களை மடக்கினான். நடுவில் ஓர் இடத்தில் அவள் வெகுநேரம் அசையவில்லை. பிறகு இடது கை நீண்டது, பிடித்தது, நின்றது. கடைசி வளையத்தில் கயிற்றை மாட்டிவிட்டு அங்கேயே தொங்கியபடி கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இறங்கு என்று யாரும் சொல்லவில்லை.

இறங்கி வந்ததும், வெள்ளைக் கையை அவன் கறுப்புச் சட்டையின் முதுகில் பளாரென்று வைத்தாள்.

"சரக்கு நல்லாருக்குது ஓனர்."

"வெல கேக்காத."

மத்தியானப் படகில், கடல்நீர் முகத்தில் தெறிக்க, நிலவன் பயணக் கணக்கைப் பேச ஆரம்பித்தான். துர்கா அவனை அடக்கிவிட்டு, விரலை மடக்கித் தானே கணக்குச் சொன்னாள். மாக்கல் மாவு இரண்டு கிலோ, கடைக்காரிக்குப் போயிற்று. முழங்கால் ஒன்று, பாதி சேதம், ஆறிவிடும். நிலவன் வானத்தில் ஒரு முழம், அதற்குக் கட்டணமில்லை. பாறை, துர்கா ஏறியது ஒன்று, நிலவன் ஏறியது பாதி, கோதண்டபாணி ஏறியது பூஜ்யம்.

"ஆவ மொத்தம், கோதண்டம் எனக்கு ஏறிக் காட்ட வேண்டியது ஒரு பாறை," என்றாள்.

அவன் பேரம் பேசவில்லை. பாக்கி ஒன்று என்று ஒப்புக்கொண்டான்.