சோமு விழுந்த பக்கம்

கடைசித் தாள் வெளியே வரும்போது பிரிண்டர் சிக்கிக்கொண்டது. அது எப்போதும் அப்படித்தான். ஊரார் பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை என்றால் மறுபேச்சில்லாமல் துப்பும். எனக்கென்று ஒரு தாள் எடுத்தால்தான் அந்தச் சனியனுக்கு இருமல் வரும். மூடியைத் திறந்து, உருளைகளுக்கு நடுவில் மடங்கிக் கிடந்ததை மெல்ல இழுத்தெடுத்தேன். இடிவீரன் நெஞ்சை நிமிர்த்தி நின்றான். கழுத்தில் ஆள் உயர மாலை. ஊரே கைதட்டிக்கொண்டிருந்தது. சோமு அந்தத் தாளில் இல்லை. இருக்கமாட்டான் என்று எனக்குத் தெரியும், ஃபோனில் முன்னமே பார்த்திருந்தேன். இருந்தும் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

அக்கரப்பத்தனை டவுனில் போட்டோக்கொப்பி, லேமினேட்டிங் கடை ஒன்றில் வேலை பார்க்கிறேன். நிரோஜினி என்று பெயர். நாற்பதை நெருங்கும் வயதில் பொம்மைப் புத்தகம் பிரிண்ட் எடுக்கிறாளே என்று முதலாளி ஒரு மாதிரி பார்த்தார். பார்த்தால் பார்க்கட்டும். இதை எதற்கு எடுக்கிறேன் என்று சொன்னால் அவருக்கு விளங்கவும் போவதில்லை.

இடிவீரன் யாரென்று எல்லோருக்கும் தெரியும். பறப்பான், பாலத்தைத் தூக்குவான், கெட்டவன் தாடையில் ஒன்று விடுவான். சோமுவை யாருக்கும் தெரியாது. இடிவீரன் பறக்கப்போகும் முன் கழற்றி எறிகிற கோட்டையும் சட்டையையும் பொறுக்கி மடித்து வைப்பவன் சோமு. ஜீப் ஓட்டுவான், கயிறு பிடிப்பான், நேரம் கிடைத்தால் ரொட்டி தின்பான். கழுத்தில் எந்நேரமும் ஒரு மப்ளர். அந்த மப்ளருக்காகவே எங்களுக்கு அவனைப் பிடிக்கும். தேயிலைத் தோட்டத்தில் வரிசை வீடுகளாகக் கட்டியிருந்த எங்கள் லயத்தில் மப்ளர் கட்டாத ஆம்பளை கிடையாது. இடிவீரன் எங்கேயோ இருக்கிறவன், சோமு எங்கள் ஆள்.

எங்களுக்குக் கிடைத்ததே ஒரு புத்தகம்தான். கொழும்பில் கடைவேலைக்குப் போயிருந்த, எங்கள் லயத்து வினோஜனின் மாமா ஒரு தீபாவளிக்குக் கொண்டுவந்து போட்டார். லயம் முழுக்கப் பிள்ளைகள், கையில் ஒரே புத்தகம். யார் முதலில் படிப்பதென்று மயிரைப் பிடித்துச் சண்டை. தனுஜாதான் அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தாள். கொண்டை ஊசியால் நடுவிலிருந்த இரண்டு பின்னையும் நெம்பி எடுத்துவிட்டுப் புத்தகத்தைத் தாள் தாளாகப் பிரித்தாள். வீட்டுக்கு ஒரு தாள். படித்து முடித்ததும் அடுத்த வீட்டுக் காம்பராவுக்குக் கொடுத்துவிட வேண்டும். அப்படியே லயத்தின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை இடிவீரன் நடந்தே போனான். அதன்பிறகு வந்த எல்லாப் புத்தகங்களையும், பாடப்புத்தகம் உட்பட, எங்கள் லயத்தில் இப்படித்தான் படித்தோம். வாத்தியாரிடம் அடியும் வாங்கினோம்.

இதில் ஒரு வில்லங்கம் இருந்தது. பின் அடித்த புத்தகத்தைப் பிரித்தால், ஒரே தாளின் ஒரு பாதியில் கதையின் ஆரம்பம் இருக்கும், மறுபாதியில் முடிவு இருக்கும். எது முன்னே, எது பின்னே என்று பக்க எண்ணைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். எங்கள் புத்தகத்தில் அச்சுக்காரன் ஓரத்தை ஒட்ட நறுக்கியதில் எண்ணெல்லாம் போய்விட்டது. ஆகவே தாள் எந்த வரிசையில் வந்து சேர்ந்ததோ அதுவே கதை. எல்லாம் சுற்றி முடிந்து திரும்பி வந்த பிறகு தனுஜா தனக்குச் சரியென்று பட்ட மாதிரி மடித்து, பழைய பின்னையே குத்தி வைத்தாள்.

அந்தக் கதையில் இடிவீரனுக்காகக் கயிற்றைப் பிடித்துக்கொண்டிருக்கும் சோமு பாறையிலிருந்து கீழே விழுகிறான். மப்ளர் மட்டும் பாறை முனையில் மாட்டிக்கொண்டு ஆடுகிறது. நாங்கள் அழுதோம். இன்னும் சில பக்கம் தள்ளினால் சோமு ஜீப் பொனட்டில் உட்கார்ந்து, ரொட்டியைக் கடித்துக்கொண்டு வாய்நிறையச் சிரிக்கிறான். கழுத்தில் மப்ளர். "அது எப்புடி, மப்ளர் மேல மாட்டிக்கிச்சே?" என்று நான்தான் கேட்டேன். "ஹட்டன்ல புதுசு வாங்கியிருப்பான்டி," என்றாள் தனுஜா. அதோடு வழக்கு முடிந்தது.

அவள்தான் பிறகு வினோஜனைக் கட்டிக்கொண்டாள்.

போன கார்த்திகை மழையில் மேல்மலை பிளந்து வந்து எங்கள் பழைய லயத்தை மூடியது. வினோஜன் அப்போது தேயிலை ஃபெக்டரியில் வேலையில் இருந்தான். தப்பித்தவர்கள் எல்லோரும் ஒரே மாதிரிதான் சொன்னார்கள்: கதவு கதவாகத் தட்டி எழுப்பியது தனுஜா. வெளியே வந்துவிட்டாளாம். கடைசிக் காம்பராவில் இருந்த காது கேளாத கிழவிக்காகத் திரும்பிப் போனாளாம். ஆமிக்காரர்கள் வந்தார்கள், தோண்டினார்கள், கிழவிகூடக் கிடைத்தாள். தனுஜா கிடைக்கவில்லை. பிறகு மண் அள்ளும் பெக்கோ மெஷினை ரோட்டைத் துப்புரவாக்கக் கொண்டுபோய்விட்டார்கள். தேயிலைக் கொழுந்து லொறி போக வேண்டுமல்லவா? டி.வி.க்காரர்கள் அரிசி மூட்டை கொடுத்தவரைப் படம் பிடித்தார்கள். மண் சரிந்த இடத்துக்கு மேலே மலையில் இன்னும் வெடிப்பு இருக்கிறது, யாரும் இறங்கக் கூடாது என்று சிவப்பு எழுத்தில் நோட்டீஸ் ஒட்டி, மஞ்சள் நாடா கட்டிவிட்டுக் கிராம சேவகரும் போய்விட்டார்.

வினோஜன் மட்டும் தினமும் அந்த நாடாவுக்குக் கீழே குனிந்து போகிறான். காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக்குப் போவதில்லை, பேர் கொடுப்பதில்லை. மம்பட்டியை எடுத்துக்கொண்டு இறங்கினால் இருட்டும் வரை தோண்டுகிறான். "அவ எங்கயாச்சும் அடிபட்டு நெனவில்லாம ஆஸ்பத்திரியில கெடப்பா. இல்லாட்டி இங்கனதான் இருப்பா," என்பான். ஒன்றுக்கொன்று சேராத பேச்சு. கேட்டால், "சோமு வரலையா?" என்பான். முதல் தடவை அதைக் கேட்டபோது எனக்குச் சிரிப்புக்கூட வந்தது. கடவுளே, அவன் விளையாட்டாகச் சொல்லவில்லை.

நானும் அவனும் ஃபோனில் ஒரு பழைய காமிக்ஸ் குழுவில் இருக்கிறோம். சேலம், கனடா, மட்டக்களப்பு என்று எங்கெங்கோ இருக்கிற ஆட்கள், எல்லோரும் நரைத்த பிள்ளைகள். அங்கே ஒரு வாரம் 'மறந்துபோன துணைப் பாத்திரங்கள்' என்று ஒரு தலைப்பு போட்டார்கள். இடிவீரனின் காதலி, இன்ஸ்பெக்டர், வில்லன் வளர்த்த பூனை என்று வரிசையாகப் பதிவு வந்தது. பூனைக்கே மூன்று பேர் எழுதினார்கள். கடைசியில் வினோஜன் எழுதினான்: "சோமுவ மறந்துட்டீங்களே." "யாரு, அந்தச் சட்டை மடிக்கிறவனா?" என்று ஒருவர் சிரிப்புப் பொம்மைகளை அள்ளிக் கொட்டினார். இன்னொருவர், "அவன்தான் பாறையிலிருந்து விழுந்து செத்துட்டானே," என்றார். "இல்ல. திரும்பி வந்தான். எங்க லயமே படிச்சிருக்கு," என்று வினோஜன் எழுதினான். மறுநாள் சேலத்துக்காரர் முழுப் புத்தகத்தையும் பக்க எண்ணோடு ஸ்கேன் செய்து போட்டுவிட்டார்.

வினோஜனின் ஃபோன் கண்ணாடி உடைந்திருந்தது, அதில் எதுவும் சரியாகத் தெரியாது. எனக்குக் கோல் எடுத்தான். "நிரோ, அத புக்கா எடுத்துக் குடு. பின் அடிச்சி. தனுஜா வந்தா காட்டணும்."

அன்றைக்கே பேச்சியம்மா கடைக்கு வந்தாள். தனுஜாவின் அம்மா. இப்போது மருமகனோடு தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் இருக்கிறாள். கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுவிட்டுப் போகிற இடம் அது; லயம் இழந்தவர்களை அங்கேதான் தங்க வைத்திருக்கிறார்கள்.

"நீ சொன்னா கேப்பான் தாயி," என்றாள். "உடம்பு கெடைக்காதவங்களுக்கு ஒரு கல்ல நட்டாச்சும் காரியம் செய்யணும். புருசங்காரன்தான் கல்லுக்குத் தண்ணி ஊத்தணும். மாட்டேங்குறான். எம்புள்ள தண்ணி இல்லாம கெடக்கா. அந்தப் பொம்மப் பொஸ்தகத்த வச்சிக்கிட்டு வருவா வருவாங்குறான். நானா வேணாங்குறேன்? வந்தா நாந்தான் மொத ஆளா ஓடுவேன். மேல இன்னும் வெடிச்சிக் கெடக்கு. இவனையும் மண்ணு கொண்டு போச்சின்னா நான் யாரு மொகத்த பாத்துக்கிட்டு இருப்பேன்?"

அதனால்தான் இந்தத் தாள்கள். மேசையில் அடுக்கி வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். மடிப்பைத் திருப்பி மடித்தால் போதும், முன்னே வருகிற சிரிப்புப் பக்கம் தனுஜா மடித்த மாதிரியே பின்னே போய்விடும். எண் இருக்கிற ஓரத்தைக் கட்டரில் நறுக்கிவிட்டால் போதும். சோமு மறுபடியும் பொனட்டில் உட்கார்ந்து சிரிப்பான், வினோஜனும் சிரிப்பான், நாளைக்கு மறுபடியும் அந்தச் சரிவில் இறங்குவான். கட்டரைக் கையில் எடுத்துவிட்டு வைத்துவிட்டேன். எண்களைப் பார்த்துச் சரியாக மடித்து, நடுவில் இரண்டு பின் அடித்தேன். நல்லதுக்குத்தான் செய்கிறோம் என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்யலாம் போலிருந்தது.

நான் போனபோது வினோஜன் பிள்ளைக்காம்பரா வாசலில் சோற்றுக்கு உட்கார்ந்திருந்தான். தொட்டில் கட்டும் கொக்கிகளில் ஈரத்துணிகள் தொங்கின. சுவரில் அம்மா, ஆடு, இலை என்று அரிச்சுவடிப் படங்கள். மழை இன்னும் தொடங்கவில்லை, மலை உச்சி மட்டும் மேகத்தில் காணாமல் போயிருந்தது. புத்தகத்தைப் பார்த்ததும் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தான். கையைக் கழுவினான், துடைக்கத் துணி தேடினான், கடைசியில் சட்டையிலேயே துடைத்தான். சட்டையும் சேறுதான்.

"அப்புடியே இருக்கு நிரோ! அதே அட்ட!"

இரண்டு மூன்று பக்கம் புரட்டியவன் சின்னப்பிள்ளை மாதிரி கத்தினான். "இந்தா! அத்த, வந்து பாருங்க! நான் சொன்னேனா இல்லையா? சிரிக்கிறான் பாருங்க!"

பேச்சியம்மா என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். அவன் விரல் அந்தப் பக்கத்திலேயே நின்றது.

"இது முன்னுக்கே வருதே," என்றான். "மாத்தி மடிச்சிட்டியா?"

"இல்ல வினோ. அப்பதான் மாத்தி மடிச்சிருந்திச்சு."

"தனுஜா மடிச்சது," என்றான். என்னைத் திருத்துவது போலத்தான் சொன்னான்.

பிறகு ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினான். பாறை வந்தது. மப்ளர் வந்தது. அதற்குப் பிறகு சண்டை, வெடி, மாலை, கைதட்டல். முடிந்ததும் மறுபடி பாறைக்கு வந்தான். மறுபடி கடைசிவரை போனான். கண்ணைப் பக்கத்துக்கு மிகக் கிட்டே வைத்துக்கொண்டு, கட்டம் கட்டமாக, ஓரத்தில் நிற்கிற கூட்டத்தின் முகங்களைக்கூட விடாமல் பார்த்தான். இதற்குமேல் விட்டால் என்னால் சொல்ல முடியாது என்று, வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்ததை அவிழ்த்துவிட்டேன்.

"போனவங்க போனவங்கதான் வினோ. தனுஜாவ தவிக்க விடாத. வந்து கல்லுக்குத் தண்ணி ஊத்து."

அவன் நிமிர்ந்தான். அழுவான், இல்லாவிட்டால் என்னை ஏசுவான் என்று நினைத்தேன். அவன் முகத்தில் அது இரண்டும் இல்லை.

"அது இல்ல நிரோ. இவன் எறங்கிப் பாக்கவே இல்லையே."

"யாரு?"

"இடிவீரன். பறக்கத் தெரிஞ்சவன்தானே? கயிறும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம். ஒரு கட்டத்துலயாச்சும் கீழ எறங்கி, சோமுன்னு ஒரு சத்தம் குடுத்தானா? நீயே பாரு. நல்லாப் பாரு." புத்தகத்தை என் கையில் திணித்தான். "மாலய போட்டுக்கிட்டு நிக்கிறான். யாரும் தேடல. அதான் அவன் வரல."

"வினோ..."

"நாமளும் தேடல. புது மப்ளர் வாங்கிட்டான்னு சொல்லிட்டு வெளாடப் போயிட்டோம்."

மம்பட்டி கதவோரம் சாத்தியிருந்தது. எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினான். சோறு அப்படியே கிடந்தது. "டேய், மழ வருதுடா, எம்பொழப்ப கெடுத்துறாதடா," என்று பேச்சியம்மா பின்னாலேயே ஓடினாள். படியில் கால் இடறி அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். தூக்கப் போன என் கையிலிருந்து புத்தகத்தை வாங்கினாள். அவளுக்கு எழுத்துத் தெரியாது. விழுகிறவனின் மேல் விரலை வைத்தாள்.

"இவனா தாயி?"

"ஆமாங்க அத்த."

"ஏன், இவனுக்குப் பெத்தவ இல்லையா?"

கதை எழுதியவனுக்கு அது தோன்றியிருக்காது. மாரில் அடித்துக்கொண்டு அவள் அழத் தொடங்கினாள், ஆனால் சத்தமில்லாமல். நான் அவளை விட்டுவிட்டு அவன் பின்னால் ஓடினேன்.

மஞ்சள் நாடா வரைக்கும்தான் ஓட முடிந்தது. கீழே செம்மண் ஒரே சரிவாக ஓடைவரை கிடந்தது. லயம் இருந்த அடையாளமே இல்லை, ஒரு தகரம் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. மழை பிடித்துவிட்டது. ரோட்டில் ஆட்டோ ஒன்று ஒலிபெருக்கியில் முதலில் சிங்களத்திலும் பிறகு தமிழிலும் மேட்டை விட்டு வெளியேறச் சொல்லிக்கொண்டே போனது. வினோஜன் தான் வெட்டிய குழிக்குள் நின்றான். குனிந்தால் தெரியமாட்டான். நிமிர்ந்தால் தலையும் மம்பட்டியும் தெரியும்.

"வினோ! மேல வாடா!"

அவன் திரும்பவில்லை. மேலேயிருந்து சின்னக் கற்கள் உருண்டு வந்து குழியைத் தாண்டிப் போயின. நான் செய்த வேலை இது. அவனை மேலே இழுக்கப் போய், இன்னும் ஆழமாகத் தள்ளிவிட்டுவிட்டேன். இங்கேயே நின்று கத்திக்கொண்டிருக்கலாம். கிராம சேவகருக்குக் கோல் எடுக்கலாம். ஒரு கட்டத்திலாவது இறங்கினானா என்று அவன் கேட்டது காதை விட்டுப் போகவில்லை.

நாடாவைத் தூக்கிக் குனிந்தேன். ஒரு கால் அந்தப் பக்கம் போனது. செருப்போடு கணுக்கால்வரை மண்ணுக்குள் இறங்கியது. மாதாவே என்று வாய் தானாகச் சொன்னது. மற்றக் கால் புல்லிலேயே நின்றது.

கீழே தலை தெரிந்தது. மம்பட்டி உயர்ந்தது. குனிந்தான்.

நான் நாடாவைப் பிடித்தபடி, அந்தத் தலை மேலே வரட்டும் என்று பார்த்துக்கொண்டே நின்றேன்.